பர்னபாஸின் ஆம்ப்ளிஃபயருக்கு ரெண்டு வால்வு

தங்கவயலில் சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற ஸ்கெலட்டனில் போய் பர்னபாஸ் வீடு எது என்று கேட்டால், "எந்த பர்னபாஸ்?" என்பார்கள். 'இன்னாத்துக்கு பர்னபாஸ்' என்று கேட்டால்தான் கையை நீட்டிக் காட்டுவார்கள். எதைப் பார்த்தாலும் "இது இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிடுவது அவர் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுந்தி நின்றுவிட்டது. பாதிரியார் கண்மூடி ஜெபம் செய்துகொண்டிருந்த நேரத்தில் பர்னபாஸ் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஆமென் சொல்வதற்குள் திரும்ப மாட்டியும் வைத்துவிட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் சுவர்க்கடிகாரம் ஒரு மணி கூடுதலாக அடித்தது. காப்பித் தட்டுடன் பெண் வந்து நின்றபோது மாப்பிள்ளை நாற்காலிமேல் ஏறிக் கடிகாரத்துக்குள் தலையை விட்டிருந்தார். அந்தப் பெண்தான் வின்னி. "என்னப் பாத்ததவிட கடியாரத்தப் பாத்ததுதான் அதிகம்" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

சுரங்கத்தில் அவருக்கு பேங்க்ஸ்மேன் வேலை. ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நின்று, ஆட்கள் கேஜ் என்கிற கூண்டில் ஏறியதும் கதவை அடைத்து மணி அடிக்க வேண்டும். அப்போதுதான் இன்ஜின்காரர் கூண்டை இறக்குவார். கீழே எங்கேயோ ஒரு ஆழத்தில், ஒரு லெவலிலிருந்து திரும்ப மணி வரும். ஆள் ஏறியிருந்தால் ஒரு மாதிரி, கல் ஏற்றியிருந்தால் இன்னொரு மாதிரி. அதைத் தப்பாகக் கேட்டால் ஒருவன் உயிர் போய்விடும். அதனால் பர்னபாஸுக்குப் பாம்புச் செவி என்று பெயர். மழை நேரத்தில், மெஷின் இரைச்சலுக்கு நடுவில், பக்கத்தில் யாராவது சிரித்துக்கொண்டிருந்தாலும் அந்த மணி மட்டும் தனியாக அவர் காதில் வந்து விழும். அந்தக் காதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்து துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பியபோது, அவர்கள் ஆடிப்பாடிய கிளப்பில் ஒரு ஏலம் நடந்தது. பியானோவை பெங்களூர்க்காரர் ஒருவர் எடுத்தார். நாற்காலிகள் ராபர்ட்சன்பேட்டை ஓட்டலுக்குப் போயின. மூலையில் முன்பக்கம் பித்தளை வலை போட்ட ஒரு மரப்பெட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. அது என்ன என்று ஏலக்காரருக்கே தெரியவில்லை. தெரியாதது ஒன்றே காரணமாகப் போதும் என்று பர்னபாஸ் அதை எடுத்துக்கொண்டு வந்தார். அது கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர் என்பது வீட்டில் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்போது அவரிடம் கிட்டாரே கிடையாது.

"ஊர்ல எல்லாரும் கோழி வாங்கினு அப்பால கூண்டு வாங்குவாங்க" என்றாள் வின்னி. "நீங்க கூண்டு வாங்கினு வந்து கீறீங்க."

கிட்டார் பிறகு வந்தது. மடியில் படுக்கவைத்து, கம்பிகளின்மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கிற ஹவாயன் கிட்டார். அதையும் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளாமல், இந்தக் கம்பியை இங்கே தொட்டால் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்தே வாசிக்கப் பழகினார். சுரங்கக் கல்லை அரைக்கிற மில்லில் வேலை பார்க்கிற ஜெயகரன் பாங்கோ தட்டுவான். பங்காருபேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் கல்யாணம், பிறந்தநாள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சினிமாப் பாட்டுத்தான். பாடுகிறவர் இல்லாமலே கிட்டார் பாடும். கேட்கிறவர்கள் வரிகளை மனத்துக்குள் போட்டுக்கொள்வார்கள்.

பெட்டியின் பின்பக்கம் திறந்தால் தகரத் தட்டின்மேல் கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்கிற சின்னவை கிட்டாரின் மெலிந்த சத்தத்தைப் பிடித்துக் கொடுக்கும். ஓரத்தில் நிற்கிற இரண்டு பெரியவைதான் அதற்குப் பலம் கொடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். "கீழ லெவல்ல கல்லு டிரக் தள்றவங்க மாதிரிடா இந்த ரெண்டு பேரும்" என்று ஜெயகரனுக்கு விளக்குவார். "ஒருத்தன் தள்றப்ப இன்னொருத்தன் இழுக்கணும். ரெண்டு பேருக்கும் பலம் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுத்துனு போயிடும்."

அந்த இரண்டில் ஒன்றுதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு பழனியம்மாவின் மகள் மாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பர்னபாஸ் வாசிக்கும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்தே வாசலில் வந்து குந்திக்கொள்கிற பெண் அவள். "மாமா, நீ வாசிக்கலன்னா நான் மேடை ஏற மாட்டேன், மாப்பிள்ள மட்டும் தனியா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். பர்னபாஸுக்கும் அது ஆசைதான். எங்கெங்கேயோ வாசித்தாயிற்று, தான் குடியிருக்கிற வீட்டு வரிசையில், சொந்த லைனில், இதுவரை ஒரு கல்யாணத்துக்கும் வாசித்ததில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லைன் சந்தில் பெட்டியை வைத்து, அவரும் ஜெயகரனும் ஒத்திகை பார்த்தார்கள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது பெட்டிக்குள் நீலமாக ஒன்று வெட்டியது. அடுத்த நொடி 'தொம்' என்று ஒரு சத்தம். தட்டிச் சுவர் வைத்த வீடுகள் அவை. வரிசை முழுக்கப் பாத்திரங்கள் கலகலத்தன.

தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பூமிக்குக் கீழே அவ்வளவு ஆழத்தில் பாறை தன்மேல் இருக்கிற பாரத்தைத் தாங்காமல் சில சமயம் தானாகவே வெடித்துவிடும். அதற்கு 'பர்ஸ்ட்' என்று பெயர். மேலே தரை ஒரு முறை உதறும், பாத்திரம் ஆடும். அவ்வளவுதான். கீழே என்ன ஆனது என்பது ஷாஃப்ட் வாயில் போய் நின்றால்தான் தெரியும்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருத்தி கையில் கரண்டி, இன்னொருத்தி இடுப்பில் பாதி குளித்த குழந்தை. போகிற வழியில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. வாயைத் திறந்தால் எதுவோ நிஜமாகிவிடும் என்பதுபோல, ஷாஃப்டுக்குப் போய்ச் சேரும்வரை பேச்சே இருக்காது. பழனியம்மாவின் புருஷன் ஏகநாதன் கீழே பாறை சரியாமல் முட்டுக்கொடுத்து மரம் கட்டுகிற ஆள். அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்டில் இறங்கியிருந்தார். பழனியம்மா எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். அவள் பின்னாலேயே, கையில் இரும்புத் துண்டோடு, பர்னபாஸும் ஓடினார்.

ஷாஃப்டில் டூட்டியில் இருந்தவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "இன்னா எல்லாரும் ஒண்ணா வந்து கீறீங்க? கீழ எல்லாம் நல்லாத்தான் கீது. மணி இப்பத்தான் வந்துச்சி."

திரும்பி வரும்போதுதான் பர்னபாஸுக்கு அந்த நீல வெட்டு ஞாபகம் வந்தது. போய்ப் பின்பக்கம் திறந்து பார்த்தார். ஒரு பெரிய வால்வின் உட்புறம் கரிபிடித்து அணைந்து கிடந்தது. தன் பெட்டி போட்ட சத்தத்துக்குத் தானே ஓடியிருக்கிறார். லைன் முழுக்கக் குழம்பு தீய்ந்த வாசனை.

மறுநாள் காலையில் பழனியம்மா வந்தாள். கோபமாக வந்திருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "தம்பி, மாலா கல்யாணத்துக்கு அந்தப் பொட்டி வேணாம்."

"வால்வு போச்சிக்கா. புதுசு போட்டா அந்தச் சத்தம் வராது."

"வேணாம்னா வேணாம்தான்."

"மாலா ஆசப்பட்டாளே."

"அவ பட்டுப் பொடவைக்குங்கூட ஆசப்பட்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நல்ல வால்வாகப் பார்த்துப் போட்டு, ஒரு பொட்டு சத்தம் அதிகமாக வராது என்று காட்டிவிட்டால் அக்கா இறங்கிவந்துவிடுவாள் என்று பர்னபாஸ் நினைத்தார். லீவு நாளன்று பெட்டியைப் போர்வையில் சுற்றித் தோளில் வைத்து பஸ் ஏறினார். "இன்னாய்யா இது, சவப்பெட்டியா?" என்றார் கண்டக்டர். "உள்ள பாட்டு கீது" என்றார் பர்னபாஸ். "அப்ப உயிர் கீது, டிக்கெட் எடு" என்றார் கண்டக்டர்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் நாராயணசாமியின் ரேடியோக்கடை. சாமி படத்துக்குக் கீழே பழைய ரேடியோக்கள் வயிற்றைத் திறந்து உட்கார்ந்திருக்கும். நாராயணசாமி வால்வைப் பழம்போல விற்பார். உருட்டிப் பார், தட்டிப் பார், வேண்டாமென்றால் விடு, ஆனால் எடுத்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவராதே.

"வாங்க இன்னாத்துக்கு. இன்னா, ஊரையே ஓட வெச்சீங்களாமே?"

செய்தி பஸ்ஸைவிட முன்னால் வந்திருந்தது.

"சிரிக்காதீங்கண்ணா. ஆறெல்லாறு நம்பர் வால்வு ஜோடி ஒண்ணு வேணும். நல்ல ஜோடியா."

நாராயணசாமி ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். எல்லாம் ஒரே நம்பர், எல்லாம் புதுசு. ஆனால் ஒரே நம்பர் போட்டிருந்தாலும் இரண்டு வால்வு ஒரே பலமாக இருக்காது என்பது பர்னபாஸுக்குத் தெரியும். முதலில் ஒவ்வொன்றையும் சூடாக்கி, பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்டினார். உள்ளே தகடு ஆடிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று பாத்திரக்கடைச் சத்தம் வரும். அப்படிப் பேசினவற்றை ஒதுக்கிவிட்டார். மிஞ்சியதில் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு, அதற்குத் துணையாக மற்றவற்றை ஒவ்வொன்றாக மாட்டினார். கிட்டாரைத் தொடவில்லை. பெட்டி சும்மா இருக்கும்போது வருகிற 'உம்ம்' என்ற இரைச்சலை மட்டும், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். இரண்டும் சமபலமாக இருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். பொருந்தாத ஜோடி என்றால் குளவிபோல இரையும்.

"பொண்ணு மாப்பிள்ள ஜாதகம்கூட இப்டி பாக்க மாட்டாங்க" என்றார் நாராயணசாமி.

கடைசியில் ஒரு ஜோடி கிடைத்தது. மாட்டியதும் இரைச்சல் அடங்கி, பெட்டியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்தது. கம்பியை ஒரு முறை இழுத்தார். எதிர்க்கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர் முழத்தை மறந்து திரும்பிப் பார்த்தார். அடிக்கம்பியின் சத்தம் தரையில் நடந்து வந்து உள்ளங்காலில் ஏறியது. இவ்வளவு பெரிய குரல் இந்தப் பெட்டிக்குள் இருந்ததே அவருக்குத் தெரியாது. துரைமார் காலத்து வால்வுகள் எப்போதோ கிழடாகியிருக்க வேண்டும்.

"இதுவே போதும்" என்றார். பிறகு அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த, பாதி உயரமே இருந்த இரண்டு வால்வுகளைப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு?"

"வந்துட்டீங்களா. ஆறுவியாறு. வூட்டு ரேடியோல போடறது. கால் இதே கால்தான், உங்க பெட்டிலயும் உக்காரும். உள்ள ஒரு ரெசிஸ்டர் மாத்தணும். சத்தம் பாதிகூட வராது."

"போட்டா எப்டி இருக்கும்?"

"யானை ஏறின எடத்துல ஆடு ஏறினா மாதிரி இருக்கும். இன்னாத்துக்கு உங்களுக்கு?"

அது எதற்கு என்று பர்னபாஸுக்கும் தெரியாது. போட்டால் எப்படி இருக்கும் என்பது தெரியாதவரை அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். இரண்டு ஜோடியையும் வாங்கி, பழைய பனியனில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரிய ஜோடியை மாட்டிவிட்டு, மறுநாள் மத்தியானம் பழனியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மாலாவும் வந்து கதவோரம் நின்றாள். பர்னபாஸ் மெதுவாக ஆரம்பித்து, குமிழை ஏற்றிக்கொண்டே போய் முழுக்கத் திருப்பினார். ஒரு வெட்டு இல்லை, ஒரு 'தொம்' இல்லை. தேன் மாதிரி ஓடியது.

"எப்டிக்கா கீது?"

"நல்லா கீது தம்பி."

"அப்ப வாசிக்கலாமா?"

"வேணாம்."

மாலா "யம்மா!" என்று காலை உதைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பர்னபாஸுக்குக் கோபம் வரவில்லை. அரிப்புதான் வந்தது. 'தொம்' சத்தமே வராத வால்வைப் போட்டுக் காட்டியாயிற்று, நன்றாக இருக்கிறது என்று அவளே சொல்கிறாள், பிறகு எதற்கு வேண்டாம்?

அவளிடம் கேட்டுப் பயனில்லை. ஆகவே லைனில் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு உங்கள் காதில் என்ன கேட்டது? குழாயடியில் குடத்தோடு நின்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். ஒருத்தி தனக்குச் சத்தமே கேட்கவில்லை, தட்டு ஆடியதைப் பார்த்து ஓடினேன் என்றாள். ஒருத்தி, கால் சொல்லிச்சு என்றாள். இன்னொருத்தி பழனியம்மா ஓடியதைப் பார்த்து ஓடினாளாம்.

"அப்ப தினமும் ஷிஃப்ட் முடியறப்ப கீழ வெடி போடறாங்களே, அதுக்கு மட்டும் யாரும் எழுந்துக்க மாட்டேன்றீங்களே?"

பெண்கள் சிரித்தார்கள். "இன்னா மாமா, பேங்க்ஸ்மேன் நீங்க கேக்கறீங்க. அது நேரத்துக்கு வர்றது. கேட்டுனே தோச சுடுவோம். நேரமில்லாத நேரத்துல வந்தாத்தான் ஓடுவோம்."

தட்டு ஆடுவதுதான் வினை என்று பர்னபாஸ் முடிவு கட்டினார். பெட்டிக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டார். அடிக்குரலைக் கொஞ்சம் வெட்டினார். அன்று சாயங்காலம் திரும்பவும் பழனியம்மா. அவள் அலுத்துக்கொண்டு வந்தாள், கையில் அரிசி முறத்தோடு. பர்னபாஸ் கண்ணை மூடிக்கொண்டு, நன்றாக முழுச்சத்தத்தில், நீளமான ஒரு பாட்டை வாசித்து முடித்தார். ஒரு தட்டும் ஆடவில்லை. கண்ணைத் திறந்தார்.

பழனியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"வெடி போட்டாங்களே, கேட்டுச்சா தம்பி?"

"எப்ப?"

"இப்பத்தான். நீ வாசிச்சினு இருந்தியே, அப்ப. எனக்குக் கேக்கல. மொறத்துல அரிசி ஆடிச்சி, அத வெச்சித் தெரிஞ்சிகினேன்."

ஷாஃப்டின் அந்தச் சத்தத்தை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, தூக்கத்தில்கூட பர்னபாஸ் தவறவிட்டதில்லை. இன்றைக்கு அது வந்துபோனதே தெரியவில்லை.

"பொய்யா ஓடினோமே அன்னிக்கி, அது ஒண்ணும் இல்ல" என்றாள் பழனியம்மா. "ஓடினோம், பாத்தோம், திரும்பி வந்தோம். கொழம்பு தீஞ்சா வேற வெச்சிக்கலாம். கல்யாணத்தன்னிக்கி எங்க வூட்டுக்காரரு லீவு, மேல இருப்பாரு. மத்த வூட்டு ஆம்பளைங்க? பாதிப் பேரு கீழதான் இருப்பாங்க. அவங்க பொண்டாட்டிங்க எங்க பந்தல்ல குந்தினு உன் பாட்டக் கேட்டுனு, அங்க ஒண்ணு ஆயி, இவங்களுக்குக் கேக்காமப் போச்சின்னா? நான் கூப்ட்டுத்தானே வந்தாங்க?"

பொறுக்கிய கல்லை வீசிவிட்டு அவளே கேட்டாள். "இந்த லைன்ல என்னிக்காவது மைக் செட் கட்டிப் பாத்திருக்கியா?"

இல்லை. மேளம் உண்டு, அது தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும். ராபர்ட்சன்பேட்டையில் பிறந்தநாளுக்குக்கூட மரத்துக்கு மரம் புனல் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். ஸ்கெலட்டனில் இந்த லைனில் கட்டுவதில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, ஆர்மோனியத்திலிருந்து கடிகாரம்வரை எல்லாவற்றையும் ஏன் என்று கேட்டவர், இதைமட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒன்றைப் பார்த்து இது எதற்கு என்று எப்படிக் கேட்பது?

விஷயத்தைக் கேட்ட ஜெயகரன், "இவ்ளோதானா? குமிழைக் கொறச்சி வெச்சினா முடிஞ்சிபோச்சி" என்றான்.

அன்றைக்கே முயன்று பார்த்தார்கள். பெரிய வால்வுகளோடு குமிழைக் குறைத்து வைத்தபோது கிட்டார் தூங்கி வழிந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாதவன் பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டிலேயே ஜெயகரன் கையை நீட்டி, குமிழை ஒரு துளி ஏற்றினான். மூன்றாவது பாட்டில் பர்னபாஸே ஏற்றினார். நாலாவது பாட்டில் அது எங்கே நிற்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"பாத்தீங்களா" என்றாள் வின்னி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "உங்க ரெண்டு பேர் கையையும் கட்டிப் போட்டுத்தான் வாசிக்கணும்."

பர்னபாஸ் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், பனியன் சுற்றை எடுத்துவந்து பிரித்தார்.

ரெசிஸ்டரை மாற்றி, சின்ன வால்வுகளை உட்காரவைத்தார். அவை சூடேறக் காத்திருந்தபோது அவருக்கு அவமானமாகக்கூட இருந்தது. பெரிய காலியிடத்தில் இரண்டு குட்டையர்கள். நாராயணசாமியின் ஆடுதான். குமிழைப் பாதி திருப்பினார். மெலிசாக, வீட்டு ரேடியோபோலத்தான் வந்தது. ஜெயகரன் முகத்தைச் சுளித்தான். முக்கால் திருப்பினார். முழுக்கத் திருப்பினார். அங்கே ஒன்று நடந்தது. சத்தம் மேலே ஏறவில்லை, ஆனால் குரல் மாறியது. கம்பியை அழுத்தி இழுத்தபோது ஓரத்தில் லேசாகக் கரகரத்தது, பாடிப் பாடிக் களைத்தவர் கடைசிச் சரணத்தில் உருகுகிற மாதிரி. பெரிய வால்வுகள் இதைச் செய்யவில்லை. அவற்றுக்கு மூச்சு வாங்கவே இல்லை. இவை தங்களால் முடிந்ததையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தன.

"இது இன்னாத்துக்கு இப்டி வருது?" என்று கேட்டுக்கொண்டே திரும்பத் திரும்ப அந்த ஒரே இழுப்பை வாசித்தார்.

"நல்லா கீது, இல்லன்னு சொல்லல" என்றான் ஜெயகரன். "ஆனா பந்தலுக்குப் பின்னால நிக்கறவனுக்கு எறும்பு நடக்கற மாதிரி கேக்கும். நம்ம பேரு கெட்டுடும் அண்ணே. நம்ம லைன்ல மொத வாட்டி வாசிக்கறோம்."

அதுவும் நிஜம். பெரிய ஜோடியோடு அந்தப் பந்தலில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தால் போதும், ஸ்கெலட்டன் முழுக்க அவர் பெயரைச் சொல்லும். அந்த ஆசை இன்னும் உள்ளங்காலில் இருந்தது. பர்னபாஸ் ஷிஃப்ட் முடிகிற நேரம்வரை உட்கார்ந்திருந்தார். நேரம் நெருங்கியதும் குமிழ் முழுக்கத் திரும்பியபடியே இருக்க, விடாமல் வாசித்தார். வெடி வந்தது. பாட்டுக்கு அடியில், கதவுக்கு அப்பால் யாரோ மூட்டையை இறக்கி வைப்பதுபோல, தெளிவாகக் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து தட்டிச் சுவரைத் தாண்டிக் குரல் வந்தது.

"தம்பி, கேட்டுச்சி!"

"எனக்கும் கேட்டுச்சிக்கா!"

பெரிய ஜோடியை நாராயணசாமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் வைத்திருந்தால் கல்யாணத்துக்கு முந்தின நாள் கை போய் மாட்டிவிடும் என்று தன்மேலேயே பயம். தின்ற பழத்தைத் திரும்ப வாங்குவதில்லை என்று நாராயணசாமி முதலில் முறுக்கினார். எதற்கு என்று பர்னபாஸ் சொன்னதும் வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். "எங்க சின்னய்யா பொண்ணு வூட்டுக்காரரும் கீழதான் எறங்கறாரு" என்று மட்டும் சொன்னார்.

பழனியம்மா வீட்டார் பௌத்தர்கள். கல்யாணம் விகாரையில் காலையில் பஞ்சசீலம் சொல்லி நடந்தது. சாயங்காலம் லைனில் பந்தல். மாலா பட்டுப் புடவையில் மேடை ஏறி உட்கார்ந்தாள். ஏகநாதன் புது வேட்டி சரசரக்க, வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். பர்னபாஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். குமிழ் கடைசிவரை போய் முட்டி நின்றது. இதற்குமேல் அது போகாது.

முதல் பாட்டு முடிந்ததும், பந்தலின் பின்பக்கத்தில் வேலியோரம் நின்ற ஆண்கள் கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

"யோவ் இன்னாத்துக்கு! பொட்டிக்குக் காய்ச்சலா? சத்தம் போடுய்யா!"

"சாப்ட்டு வந்து வாசிங்க மாமா!"

ஜெயகரன் பாங்கோமேல் குனிந்துகொண்டான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. பர்னபாஸுக்கும் முகம் சூடாகிவிட்டது. பழக்கத்தில் கை குமிழுக்குப் போய், முட்டித் திரும்பியது. இரண்டாவது பாட்டை ஆரம்பித்தார். பின்னால் சிரிப்பு. பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும், தலையைச் சற்றுச் சாய்த்து, குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு, பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். எதையும் கேட்கத் தவறமாட்டோம் என்று தெரிந்தவர்கள் கேட்கிற மாதிரி, நிதானமாக.

"கேக்கலய்யா!" என்று மறுபடி ஒரு குரல்.

பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்த பழனியம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

"கேக்கலன்னா கிட்ட வந்து குந்துங்கடா. வேலிமேல சாஞ்சினு நின்னா எப்டிக் கேக்கும்? அவரு இன்னா கடலத் தாண்டியா கீறாரு?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேலியோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் ஒருவன் வந்தான், தலையைச் சொறிந்துகொண்டு. அவன் உட்கார்ந்த பிறகு அவன் கூட்டாளிகள் இரண்டு பேர். பிறகு ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வந்தவர்கள். பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். பர்னபாஸ் கம்பியை இழுத்துக் கடைசிச் சரணத்துக்கு வந்தார், அந்தக் கரகரப்பு வருகிற இடம். சத்தம் போடச் சொன்னவனே "ஸ்ஸ்" என்று பக்கத்திலிருந்தவனை அடக்கினான்.

அடுத்த பாட்டுக்குள் கூட்டம் இன்னும் நெருங்கிவிட்டது. யாருடைய முழங்காலோ பெட்டியில் இடித்தது. பர்னபாஸ் இரும்புத் துண்டை நகர்த்த வேண்டுமென்றால் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.